குல்மார்க்கில் ஒற்றைப் பலகை

பிப்ரவரி 4: தங்மார்க் வழியாக

ஸ்ரீநகரில் தூறலாக இருந்தது, தங்மார்க் வந்து சேர்வதற்குள் பனியாகிவிட்டது. அங்கிருந்து குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் ஏற்றம். குளிர்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாத வண்டியை மேலே விடமாட்டார்கள். எங்களை ஏற்றி வந்த ஓட்டுநர், சங்கிலி இருக்கிறது என்று முதல் நாள் போனில் உறுதியாகச் சொல்லியிருந்தார். தங்மார்க்கில் டிக்கியைத் திறந்தால் இல்லை. சரி என்று உள்ளூர் வண்டிக்கு மாறினோம், கூடுதலாக 1,500 ரூபாய். தம்பியின் ஸ்கீ (காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்ளும் இரண்டு பனிச்சறுக்குப் பலகை), பூட்ஸ் பை, பெட்டிகள் எல்லாவற்றையும் மாற்றி ஏற்றுவதற்குள் அவன் ஜாக்கெட் தோளில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

வண்டி கிளம்பும் முன் பக்கத்து டீக்கடையில் நூன் சாய். ரோஸ் நிறத்தில், உப்புப் போட்டு, மேலே ஆடை மிதக்கும் டீ. தந்தூரில் சுட்ட கிர்தா ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து 60 ரூபாய். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் நனைந்த ஷூவைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஃபெரன் அங்கிக்குள்ளிருந்து தன் காங்கிடியை எடுத்து என் கால் பக்கம் நகர்த்தி வைத்தார். பின்னிய கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் சாம்பல் மூடிய கனல். நாங்கள் எழுந்து கிளம்பும்வரை அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. அவ்வளவு நேரமும் அவருக்குக் குளிர்ந்திருக்கும்.

நான் ஸ்கீ கற்றுக்கொண்டது உத்தராகண்டின் ஔலியில். அதற்குப் பிறகு குல்மார்க்தான். இந்த முறை ஸ்கீயைத் தொடுவதில்லை, இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டு மட்டும்தான் என்று கோயம்புத்தூரிலேயே முடிவு செய்துவிட்டேன். காரணம் எளிது. போன குளிர்காலம் குல்மார்க்குக்கு மேலே இருக்கும் அபர்வத் மலைச் சரிவில் புதுப்பனி விழுந்த காலையில், ஒரு பெண் ஒற்றைப் பலகையில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டு ஸ்கீயையும் முழங்கால் ஆழப் பனியிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நகர்த்திக்கொண்டிருந்தேன். அவருக்குப் பனி தடையாகவே இல்லை, அதன் மேல் மிதந்து போய்விட்டார். அன்றைக்கே மனசு மாறிவிட்டது.

"அக்கா, உனக்கு ஸ்கீ இப்பத்தான் நல்லா வந்திருக்கு. திரும்பவும் முதல்லேர்ந்தா?" என்று தம்பி ரயிலிலும் விமானத்திலும் கேட்டுக்கொண்டே வந்தான்.

டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரில் சில்லை கலான் என்பார்கள். அது முடிந்து இப்போது இருபது நாள் சில்லை குர்த், குளிர் கொஞ்சம் இறங்க வேண்டிய காலம். ஆனால் விடுதி அறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, உறைந்திருந்தது. விடுதிப் பையன் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான்.

பிப்ரவரி 5: எந்தக் கால் முன்னால்?

காலை ஒன்பது மணிக்கு வாடகைக் கடை. போர்டு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். ஸ்னோபோர்டு பூட்ஸைப் போட்டதும் ஒரு பெரிய நிம்மதி. ஸ்கீ பூட்ஸ் கல் மாதிரி கெட்டி, கணுக்காலை அசைக்க முடியாது, படி இறங்குவதற்குள் தாடை இறுகிவிடும். இது மெத்தென்று, கயிறு கட்டி, சாதாரணமாக நடந்து போகலாம். ஸ்கீயில் வருடக்கணக்காகப் பாதம் நொந்தவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே மாறலாம் என்று சொல்வேன்.

எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் தங்மார்க்காரர், நாற்பது வயது இருக்கும். முழு நாளுக்கு 2,500 ரூபாய் பேசினோம். அவர் என்னை மேடம் என்றார், நான் அவரை பாய் என்றேன். பேச்செல்லாம் இந்தியில்.

வந்ததும் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். பின்னாலிருந்து தோளில் லேசாகத் தள்ளினார். என் வலதுகால் முன்னால் போய் ஊன்றியது. "கூஃபி" என்றார். வலதுகாலை முன்வைத்து நிற்பவர்களுக்கு அந்தப் பெயர், இடதுகால் முன்னால் என்றால் ரெகுலர். கடையில் கொடுத்த போர்டு ரெகுலருக்குப் பூட்டியிருந்தது. பாய் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பூட்ஸைப் போர்டோடு பூட்டும் பிடிகளான பைண்டிங் இரண்டையும் கழற்றி மாற்றினார். முன்கால் 15 டிகிரி முன்பக்கம் திரும்ப, பின்கால் 9 டிகிரி எதிர்ப்பக்கம் திரும்ப. திருகை இறுக்கிவிட்டு ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்த்தார். பைண்டிங் தகட்டில் ஒட்டியிருந்த பழைய பனிக்கட்டியை நகத்தால் சுரண்டி எடுத்தார். அங்கே ஒரு துணுக்குக் கட்டி இருந்தாலும் பூட்ஸ் சரியாக உட்காராது, உட்காராவிட்டால் போர்டு நாம் சொல்வதைக் கேட்காது என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கால் மாட்டும்போதும் நானும் சுரண்டிவிட்டுத்தான் மாட்டினேன்.

குல்மார்க் ஒரு கிண்ணம் மாதிரியான புல்வெளி, 2,650 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் அந்தக் கிண்ணத்தின் ஓரச் சரிவுகள்தான் புதியவர்களின் வகுப்பறை. ஒரு பக்கம் ராணுவ உடையில் ஒரு கூட்டம், ஒரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள், நடுவில் மரச் சறுக்குவண்டிக்காரர்கள். முதலில் ஒரு காலை மட்டும் மாட்டிக்கொண்டு, மறுகாலால் தள்ளிக்கொண்டு சமதரையில் நகர வேண்டும். அப்புறம் இரண்டு காலும் மாட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து, குதிகால் விளிம்பில் அழுத்தம் கொடுத்து மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். அப்புறம் அதே நிலையில் இடமும் வலமுமாக அலைந்து அலைந்து இறங்க வேண்டும்.

இதுவரை ஸ்கீ தெரிந்தது பெரிய உதவிதான். சரிவைப் பார்த்ததும் எங்கே பனி இறுகியிருக்கும், எங்கே மெத்தென்று இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. விளிம்பை அழுத்தினால் நிற்கும், விட்டால் ஓடும் என்பது உடம்புக்குத் தெரியும். வேகத்தைக் கண்டு பயம் இல்லை. பாயே சொன்னார், ஸ்கீ தெரியாதவர்களுக்கு இந்த இடம் வர ஒரு நாள் முழுக்க ஆகும் என்று.

மதியத்துக்கு மேல்தான் கால்கள் பழைய பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தன. ஸ்கீயில் முகம், மார்பு, இடுப்பு எல்லாம் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். கால்கள் தனித்தனி, வெளிக்காலில் எடை போட்டால் திரும்பும். இங்கே இரண்டு காலையும் ஒரே சாக்குக்குள் விட்டுக்கொண்டு ஓடுகிற ஓட்டம். கொஞ்சம் வேகம் வந்ததும் என் இடுப்பு தானாகப் பள்ளத்தை நோக்கித் திரும்பும், பின்கால் வெளியே வீசும், போர்டு குறுக்கே சுழன்று என்னை உட்கார வைத்துவிடும். கைகள் வேறு இல்லாத ஊன்றுகோலைத் தேடிக்கொண்டிருந்தன.

மாலையில் விடுதிக்கு எதிர்க் கடையில் மேகி, ஒரு தட்டு 100 ரூபாய். தம்பி இரண்டு தட்டு சாப்பிட்டான்.

பிப்ரவரி 6: மணிக்கட்டு

ஸ்கீக்காரர்களுக்கு அடிபட்டால் முழங்கால், ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு மணிக்கட்டு. ஸ்கீயில் கால்கள் இரண்டு பக்கமும் இழுபட்டு முழங்கால் தசைநார் அறுபடும். போர்டில் இரண்டு காலும் பூட்டிக் கிடப்பதால் முழங்காலுக்கு அந்த முறுக்கு வராது, விழுகிறவர்கள் கையைத்தான் ஊன்றுவார்கள். அதனால் பாய் காலையில் முதல் வேலையாக விழக் கற்றுக்கொடுத்தார். "முட்டி பந்த், மேடம்!" கையை மூடு என்று அர்த்தம். விரலை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டு, முன்னால் விழுந்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முழுதாகத் தரையில் படும்படி விழ வேண்டும். பின்னால் விழுந்தால் குந்தி, முதுகை உருட்டி, முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டுக் கவசமும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தார். யாராவது போர்டு கற்க வருவதாக இருந்தால் ஊரிலிருந்தே ஒரு ஜோடி நல்ல கவசம் வாங்கி வாருங்கள். இங்கே வாடகைக்குக் கிடைப்பதில் பட்டை தளர்ந்து போயிருக்கிறது.

இன்றைய பாடம் விரல் பக்க விளிம்பு. மலையைப் பார்த்து நிற்க வேண்டும், பள்ளத்தாக்கு முதுகுக்குப் பின்னால். ஸ்கீயில் இப்படி ஒரு நிலையே கிடையாது. போகிற திசை கண்ணுக்குத் தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. குதிகால் பக்கத்தில் காலையிலேயே வந்துவிட்ட நிதானம் இந்தப் பக்கம் மாலைவரை வரவில்லை. கணுக்காலை மடக்கி, முழங்காலை மலை மேல் சாய்த்து, இடுப்பை முன்னால் தள்ள வேண்டும். நான் இடுப்பைப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்தேன். குனிந்தால் பள்ளத்துப் பக்க விளிம்பு பனியில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் விழுவது மல்லாக்கத்தான், யோசிக்க நேரமே கிடையாது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் இதில் ஏறக்கூடாது.

வலது மணிக்கட்டு லேசாக வீங்கியது. முறிவு இல்லை, விரல்கள் எல்லாம் அசைந்தன. துணி சுற்றிக்கொண்டேன்.

சறுக்குவண்டிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குல்மார்க் போய் வந்தவர்கள் எல்லோரும் அவர்களின் நச்சரிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நச்சரிப்பு உண்மைதான், வண்டியை விட்டு இறங்கியதும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். அந்தத் தொழிலுக்கு வருடத்தில் பனி இருக்கும் சில மாதங்கள்தான். இன்று மதியம் நான் போர்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே ஏற முடியாமல் நின்றபோது, காலையில் நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஒருவர் போர்டைத் தன் வண்டியில் வைத்து மேடு வரை இழுத்துக்கொண்டு வந்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த அடுத்த ஆளைக் கூப்பிட ஓடிவிட்டார்.

பிப்ரவரி 7: கோண்டோலா மூடல்

விடிய விடியப் பனி. காலையில் ஜன்னலின் பாதி உயரம் வரை வெள்ளைச் சுவர். காற்று பலமாக இருந்ததால், கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலை மேலே ஏற்றிப் போகும் கோண்டோலா ஓடவில்லை, மின்சாரமும் போய்விட்டது. விடுதிக்காரர் கூடத்தில் புகாரி அடுப்பை மூட்டினார். தகரத்தில் செய்த விறகு அடுப்பு, புகைக்குழாய் கூரை வழியே போகும். தங்கியிருந்த எல்லோரும் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்தோம்.

வந்தவர்களில் அமெரிக்காவின் வெர்மான்ட்டிலிருந்து ஒரு அம்மா, அறுபது தாண்டியவர். ஸ்னோபோர்டு ஆரம்பித்த காலத்திலிருந்து ஏறுகிறவர். என் மணிக்கட்டைப் பார்த்து, ஸ்கீயிலிருந்து வந்தாயா என்று சரியாகக் கேட்டார். அப்புறம் பேச்சு நீண்டது.

இந்தப் பலகை பிறந்ததே இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டித்தான். 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகன் மாநிலம் மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண் குழந்தைகள் விளையாட இரண்டு ஸ்கீயை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். ஸ்னர்ஃபர் என்ற பெயரில் அது விளையாட்டுச் சாமானாக விற்றது. 1977இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் வெர்மான்ட்டில் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். அந்த அம்மா முதலில் ஏறியது அந்த ஆரம்பகாலப் பலகைகளில் ஒன்றில்தான். அப்போதெல்லாம் ஸ்கீ மலைகளில் பலகைக்கு அனுமதி இல்லை, ராத்திரி, ஆட்களைச் சரிவில் ஏற்றிவிடும் லிஃப்ட் நின்ற பிறகு நடந்து ஏறி இறங்குவார்களாம். 1983இல் ஸ்ட்ராட்டன் மலை பலகைக்காரர்களை ஏற்றுக்கொண்டது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு சேர்ந்தது. ஆனாலும் அவர் மாநிலத்திலேயே மேட் ரிவர் க்ளென் மலையிலும், யூட்டாவில் ஆல்ட்டா, டியர் வேலி இரண்டிலும் இன்றைக்கும் பலகைக்கு இடமில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இன்னும் கோபம் இருந்தது. எனக்கு அந்தக் கோபம் புரிந்தது. ஒரே மலை, ஒரே பனி, ஒரே லிஃப்ட். இதில் யார் எதன்மேல் நின்று இறங்கினால் என்ன?

தம்பி எஸ்தர் லெடெட்ஸ்காவைப் பற்றி ஆரம்பித்தான். செக் நாட்டுப் பெண். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்கீயின் சூப்பர் ஜி என்ற வேகப் பந்தயத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வாங்கினார். ஒரு வாரத்தில் ஸ்னோபோர்டிலும் தங்கம். "அந்தம்மா மாதிரி நீயும் ரெண்டையும் வச்சுக்கோயேன் அக்கா, எதுக்கு ஸ்கீயை விடணும்?" என்றான். அவன் கவலை இப்போதுதான் தெரிந்தது. நான் போர்டுக்குப் போய்விட்டால் மலை மேல் அவனோடு சேர்ந்து இறங்க ஆள் இல்லை.

மதியம் சாதம், ராஜ்மா, ஹாக். ஹாக் என்பது இங்கத்திய கீரை. கடுகெண்ணெயில், பச்சை மிளகாய் கீறிப் போட்டு, தண்ணீராகவே வைக்கிறார்கள். சாதத்தில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் அந்தக் குளிருக்கு வேறு ஒன்றும் வேண்டாம். சமையல்காரர் என் இடது கை தடுமாறுவதைப் பார்த்து ஸ்பூன் கொண்டுவந்து வைத்தார். தாமரைத் தண்டில் செய்த நத்ரூ வறுவலும் வந்தது, அதற்குத் தனியாகக் காசு போடவில்லை.

பிப்ரவரி 8: அந்த ஒரு நொடி

வானம் துடைத்துவிட்டது. புதுப்பனி தொடை வரை. சரிவில் விழுந்தால் வலிக்கவே இல்லை, ஆனால் எழுந்திருப்பதுதான் பாடு. கையை ஊன்றினால் கை தோள் வரை உள்ளே போகிறது. பாய் காட்டிய வழி: போர்டைத் தலைக்கு மேல் உருட்டி மறுபக்கம் போட்டு, முழங்காலில் எழுந்து, விரல் பக்க விளிம்பில் நின்றுகொள்ள வேண்டும்.

குதிகால் பக்கம், விரல் பக்கம் இரண்டையும் சேர்த்துத் தொடர்ந்து திரும்பும் பாடம் இன்று. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக, நடுவில் போர்டு நேராகப் பள்ளத்தைப் பார்த்து ஓடும் ஒரு நொடி உண்டு. அப்போது எந்த விளிம்பும் பிடிக்காது. ஸ்கீ கற்றவர்கள் அந்த நொடியை அவசரமாகத் தாண்டப் பார்க்கிறார்கள், நானும் பின்காலால் உதைத்து அதைத் தாண்டிக்கொண்டிருந்தேன். உதைத்தால் எடை பின்னால் போகிறது, முன்மூக்கு லேசாகி எங்கும் திரும்பாது.

பாய் கீழே நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒன்றும் செய்யாதீங்க. முன்கால் மேல் நில்லுங்க. அடுத்து போக வேண்டிய இடத்தைப் பாருங்க. போர்டு வரும்" என்றார். முன்காலில் எடை போட்டேன். முன்தோளைத் திறந்து தூரத்தில் இருந்த ஒரு மரத்தைப் பார்த்தேன். போர்டு நேராக ஓடியது. உதைக்க வேண்டும் என்று தொடை துடித்தது, விட்டுவிட்டேன். அப்புறம் முன்முழங்கால் மெல்லச் சாய்ந்தது, விரல்களுக்குக் கீழே பனி ஒரு நீள இழுப்பாகச் சத்தம் போட்டது. மலை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அடுத்த திருப்பமும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததும். சரிவின் அடி வரை விழவில்லை. திரும்பிப் பார்த்தால் மேலே என் தடம் வளைந்து வளைந்து கிடந்தது. பாய் கைதட்டினார், ராணுவக் கூட்டத்திலிருந்தும் யாரோ தட்டினார்கள்.

மூன்று மணிக்குப் பின்கால் பைண்டிங்கில் பூட்ஸை இறுக்கும் பல்வைத்த பட்டை பட்டென்று அறுந்தது. குளிரில் பழைய பிளாஸ்டிக் இற்றுப் போயிருந்தது. பாய் ஜேபியிலிருந்து கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டையை எடுத்து, இரண்டாக மடித்து இறுக்கினார். பொழுது சாயும்வரை அது தாங்கியது.

பிப்ரவரி 9: தட்டு லிஃப்ட்

சரிவில் ஏற்றிவிட ஒரு கம்பி லிஃப்ட் இருக்கிறது. மேலே கம்பி ஓடும், அதிலிருந்து தொங்கும் கோலின் நுனியில் ஒரு வட்டத் தட்டு. ஸ்கீக்காரர்கள் தட்டைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு நேராக நின்றால் இழுத்துக்கொண்டு போகும். நான் அதில் எதையும் பார்க்காமல் பேசிக்கொண்டே ஏறினவள்.

போர்டில் அது வேறு வித்தை. முன்கால் மட்டும் பூட்டி, பின்காலைப் பைண்டிங்குகளுக்கு நடுவே உள்ள ரப்பர் பட்டையில் வைத்து, தட்டை முன் தொடைக்குப் பின்னால் கொடுத்து, உடம்பு பக்கவாட்டாக நிற்க, இழுவையோ நேராக. இழுப்பு வந்ததும் இடுப்பு திரும்பும், போர்டு தடத்தை விட்டு ஓடும். முதல் முறை பாதியில் விழுந்தேன், பின்னால் வந்த இரண்டு பிள்ளைகள் என்னைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள். லிஃப்ட் ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தடத்தை விட்டு விலக எனக்குக் கை கொடுத்து, கீழே கூட்டிக்கொண்டு போய், தன் பிளாஸ்கிலிருந்து காவா ஊற்றிக் கொடுத்தார். குங்குமப்பூ, ஏலக்காய், பாதாம் சீவல். குடித்து முடித்ததும் அடுத்த தட்டை வேகம் குறைத்து, கையால் பிடித்து என் தொடைக்குப் பின்னால் பொருத்திவிட்டார். மேலே வரை போய்ச் சேர்ந்தேன்.

தம்பி இன்று கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் அபர்வத் போய்விட்டு வந்தான். கிட்டத்தட்ட 3,950 மீட்டர். வானம் தெளிவாக இருந்ததால் நங்கா பர்பத் சிகரம் தெரிந்ததாம். எனக்கு ஏக்கமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அங்கே இந்தக் கால்களோடு போகும் எண்ணம் இல்லை. 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் பனிச்சரிவில் சிக்கி இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். தம்பி வழிகாட்டியோடு, பனிச்சரிவில் புதைந்தால் இடம் காட்டும் கருவி மாட்டிக்கொண்டு, திறந்துவிட்ட பாதையில் மட்டும் இறங்கினான். மேலே போகிற யாரும் இதில் சமரசம் செய்யக்கூடாது.

பிப்ரவரி 10: கோங்டூரியிலிருந்து கீழே

முதல் கட்ட நிலையமான கோங்டூரி 3,080 மீட்டர். அங்கிருந்து ஊசியிலை மரங்களுக்கு நடுவே குல்மார்க் வரை இறங்கும் பாதையில் பாய் முன்னால், நான் நடுவில், தம்பி ஸ்கீயில் பின்னால். கோண்டோலா வரிசையில் ஒன்றரை மணி நேரம் போனது. வரிசையில் குஜராத்திக் குடும்பம் ஒன்று எங்களுக்குத் தேப்லா கொடுத்தது, நாங்கள் ஊரிலிருந்து கொண்டு போயிருந்த முறுக்கைக் கொடுத்தோம்.

மேல்பாதி நன்றாகப் போனது. பனி மிதிபட்டு இறுகாமல் இருந்த ஓரங்களில் திரும்பத் திரும்ப இறங்கினேன். மரங்களுக்கு இடையே வெளிச்சம் மாறும் இடத்தில் மட்டும் நின்று நின்று போனேன். நடுவில் பாதை சமதரையாகிறது. அங்கேதான் ஊன்றுகோல் இல்லாத அருமை தெரிகிறது. ஸ்கீக்காரர்கள் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். போர்டுக்காரர்கள் வேகத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் காலைக் கழற்றி நடக்க வேண்டும். எனக்கு வேகம் தீர்ந்துவிட்டது. தம்பி பக்கத்தில் வந்து தன் ஊன்றுகோலின் ஒரு நுனியை நீட்டினான். "பிடிச்சுக்கோ, அக்கா." நான் இடது கையால் பிடித்துக்கொண்டேன். அடுத்த சரிவு ஆரம்பிக்கும்வரை இழுத்துக்கொண்டு போனான்.

கீழே வந்ததும் பாய் ஆரிஃப் கானைப் பற்றிச் சொன்னார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர். தங்மார்க் பக்கத்தவர், இதே சரிவுகளில் ஸ்கீ கற்றவர். "போர்டிலும் ஒருத்தர் வருவார். இங்கே பிள்ளைகள் ஆரம்பிச்சுட்டாங்க" என்றார். பாயின் மூத்த மகள் பத்து வயதில் போர்டு ஏறுகிறாளாம்.

சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாடகைக் கடையில் அறுந்த பட்டைக்கு 3,000 ரூபாய் கேட்டார்கள். இற்றுப்போன பட்டையை வாடகைக்கு விட்டுவிட்டு அதற்குக் காசு கேட்பது அநியாயம். அதோடு அது ஆபத்தும்கூட. சரிவின் நடுவில் ஒரு கால் கழன்றால் மறுகாலில் போர்டு முறுக்கிக்கொள்ளும், எந்த முழங்காலைப் போர்டு காப்பாற்றுகிறதோ அதே முழங்கால் போய்விடும். பாய் அறுந்த துண்டை மேஜைமேல் வைத்து, வெடிப்பு ஏற்கெனவே கறுத்திருந்ததைக் காட்டினார். காஷ்மீரியில் கொஞ்ச நேரம் பேசினார்கள், குரல் உயரவில்லை. கடைசியில் ஒன்றும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் வாடகைக்கு எடுத்தால், கடையை விட்டு வெளியே வருமுன் நான்கு பட்டைகளையும் மடக்கிப் பாருங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11: ஆலி கதல்

விமானம் மதியத்துக்கு மேல்தான். காலை ஏழு மணிக்கே ஸ்ரீநகர் பழைய நகரத்தில் ஆலி கதல் பக்கம் ஹரிஸா கடைக்குப் போனோம். ஆட்டுக்கறியும் அரிசியும் சோம்பும் இரவெல்லாம் வெந்து, கட்டையால் அடித்து அடித்து நார் தெரியாமல் கரைந்த பதம். பானை அடுப்பு மேடைக்குள்ளேயே கழுத்து வரை புதைந்திருக்கிறது. கடைக்காரர் அதன் வாயருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீளக் கரண்டியால் அள்ளி, தராசில் நிறுத்துத் தட்டில் போடுகிறார். மேலே ஒரு சீக் கபாப், அதன் மேல் புகை கிளம்பக் காய்ந்த எண்ணெய். பக்கத்துக் கடையிலிருந்து சூடாகக் கிர்தா வந்தது. எட்டரை மணிக்குப் பானை காலியாகிவிட்டது, எங்களுக்குப் பின்னால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர் என் மணிக்கட்டுத் துணியைப் பார்த்து, "ஸ்கீயா?" என்று கேட்டார். ஸ்னோபோர்டு என்றேன். தன் மருமகனுக்கும் இதே இடத்தில் இதே வீக்கம் வந்ததாகவும், மஞ்சளும் கடுகெண்ணெயும் சூடாக்கிப் போட்டால் வற்றிவிடும் என்றும் சொன்னார். எங்கள் பில்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனார், தடுக்க நேரமே கொடுக்கவில்லை.

விமான நிலையத்தில் வரிசை வரிசையாகச் சோதனை. காத்திருந்த நேரத்தில் தம்பி போனில் மணிக்கட்டுக் கவசம் விலை பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஜோடி எடுத்தால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டான். நான் பாய்க்குச் செய்தி அனுப்பினேன்: அடுத்த ஜனவரிக் கடைசி வாரம், இரண்டு பேர், இரண்டு பேருக்கும் போர்டு.